பனித்துளிக்கு வேர்க்கிறது

என் மகள் எங்களிடம் வருவதற்கு முன்னால் அவளுடைய பெயர் வந்து சேர்ந்தது. திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் வேலை பார்க்கிறேன். அன்று ஒரு பெரியவரின் கண்ணாடிக் காதுக்கம்பியைச் சூடாக்கி வளைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தத்தெடுப்பு அலுவலகத்துப் பெண் பேசினாள். வடக்கே ஒரு மாவட்டத்தில் நாலரை வயதுப் பெண்குழந்தை இருக்கிறது, விவரமெல்லாம் சாயங்காலம் கணினியில் வரும், பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள் என்றாள்.

"பேரு என்னம்மா?" என்று கேட்டேன். சொன்னாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடைய பெயர். எழுதலாமா வேண்டாமா என்று அவள் பெரியவளாகித் தீர்மானிக்கட்டும். பொருளை மட்டும் சொல்கிறேன். பனித்துளி. கேரளத்தில் தெருவுக்கு ஒரு பெண்ணுக்காவது அந்தப் பெயர் இருக்கும்.

எங்கள் கடையில், தயாரான கண்ணாடிகளை உறையில் போட்டு மேலே பெயர் எழுதி அலமாரியில் அடுக்கியிருப்போம். உறையை எடுத்துப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவது என் வேலை. கூப்பிடுவதற்கு முன்னால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் இந்தப் பெயர்க்காரர் யாராக இருக்கும் என்று மனத்துக்குள் ஊகிப்பது எனக்கு ஒரு பழக்கம். எவ்வளவோ வருடமாக ஊகித்தும் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். அதில் ஆச்சரியப்பட எனக்கு உரிமையும் இல்லை. என் பெயருக்கு அழகிய கூந்தலை உடையவள் என்று அர்த்தம். இருப்பது எலிவால், அதையும் கழுத்தோடு வெட்டிவிட்டேன். என் கணவருக்கு உக்கிரமான ஒரு சாமியின் பெயர். அவர் பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட "கொஞ்சம் தள்ளிக்கோ" என்று கெஞ்சித்தான் விரட்டுவார்.

இருந்தும் அன்று பகல் முழுவதும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை உண்டாக்கினேன். மெலிந்த உடம்பு, சின்னக் குரல். கையைப் பிடித்தால் குளிர்ச்சியாக இருக்கும். கதவுக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்ப்பாள். சாயங்காலம் வந்த படம் ரொம்பப் பழையது. யாரோ இடுப்பில் தூக்கி வைத்திருக்க, கைக்குழந்தையாக அழுதுகொண்டிருந்தாள். அதனால் என் கற்பனைக்கு ஒரு சேதமும் வரவில்லை. பனித்துளியோடே ரயிலேறிப் போனேன்.

அந்தக் குழந்தைகள் இல்லத்தின் முன்னறையில் நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே யாரோ திமுதிமுவென்று ஓடிவருகிற சத்தம் கேட்டது. கதவு சுவரில் மோதித் திறந்தது. அகன்ற தோளும் உருண்டை முகமுமாக ஒரு பெண் வந்து நின்றாள். முற்றத்தில் விளையாடிவிட்டு வந்திருக்கிறாள். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து, கன்னத்துப் பவுடரில் கோடு போட்டிருந்தது. பின்னால் மூச்சுவாங்க வந்த ஆயா அவள் பெயரைச் சொல்லி, "ஓடாதே!" என்று அதட்டியபோதுதான் இவள்தான் அவள் என்று எனக்குத் தெரிந்தது.

அவள் முதலில் என் கணவரைப் பார்த்தாள். கிட்டே போய் மீசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அச்சன்," என்றாள், மலையாளத்தில் அப்பா என்று. பிறகு என் முன்னால் வந்து நின்றாள். முகத்தை என் முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்து, கண்ணைச் சுருக்கி, நிதானமாகப் பார்த்தாள். பிறகு ஆயாவின் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"இது அம்மையல்ல."

ஆயா பதறிப்போனாள். "அம்மைதான் மோளே, நின்றெ அம்மை!"

"அல்ல. அம்மைக்கு நீண்ட முடி உண்டு. வலிய பொட்டு உண்டு. சாரி உண்டு."

பிள்ளையை மனத்தளவில் தயார்செய்ய, உன்னைக் கூட்டிப்போக அச்சனும் அம்மையும் வருவார்கள் என்று பல நாளாகச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் அவள் பெயரை வைத்து ஒரு முகம் செய்த அதே நாட்களில், அவளும் அம்மா என்கிற சொல்லை வைத்து ஒரு ஆளைச் செய்திருக்கிறாள். நீண்ட பின்னல், பெரிய பொட்டு, பட்டுச்சேலை. வந்து நின்றதோ சுடிதார் போட்ட, ஒல்லியான, வெட்டிய முடியும் தடித்த கறுப்புக் கண்ணாடியுமாக ஒருத்தி. எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் அவளைக் குறைசொல்ல முடியவில்லை. நானும் வேறு ஒருத்தியைத்தானே எதிர்பார்த்து வந்திருந்தேன்.

"அப்போ இது யாரு?" என்று என் கணவர் என்னைக் காட்டிக் கேட்டார்.

அவள் யோசித்தாள். "கண்ணட," என்றாள்.

மூக்குக்கண்ணாடிக்கு மலையாளத்தில் கண்ணட என்று பெயர். அன்றிலிருந்து எனக்கும் அதுதான் பெயர்.

திருவனந்தபுரத்துக்கு வந்த சில நாட்களில் அவள் வீட்டை அளந்துவிட்டாள். எந்த அலமாரியில் பிஸ்கட், எந்த ஜன்னலில் ஏறினால் தெரு தெரியும், மின்விசிறி எந்த எண்ணில் வேகமாகச் சுற்றும் எல்லாம் தெரிந்துவிட்டது. மின்விசிறிதான் முக்கியம். அவளுக்கு எப்போதும் வேர்க்கும். மழை பெய்கிற நாளிலும் தலை நனைந்திருக்கும். குரலோ, மாடியில் பேசினால் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் கேட்கும். "கண்ணடே! வெள்ளம்!" என்று அவள் தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரியும் சொம்பை எடுத்துவிடுவாள் என்று என் கணவர் சொல்லிச் சிரிப்பார்.

என் கணவரின் அக்கா நாகர்கோவிலிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்தாள். எனக்கு மைனி. வரும்போதே முந்திரிக்கொத்தும் ஒரு முடிவும் கொண்டுவந்திருந்தாள். பிள்ளையை மடியில் இருத்தி, முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"எட்டி பிள்ளே, பனித்துளின்னு பேரு வெச்சிருக்கானுவளே, இவளுக்க நெத்தியப் பாத்தியா? துடைக்கத் துடைக்க ஒழுகுது. பேரு சொன்னா ஆளு கண்ணு முன்னால வந்து நிக்கணும் கேட்டியா. இது ஆளு ஒரு பக்கம், பேரு ஒரு பக்கம்."

"அது அவங்க வெச்ச பேரு மைனி."

"அவங்க வெச்சா நாம மாத்தக் கூடாதா? நம்ம அம்மனுக்க பேர வை. பிள்ளைக்க உருவத்துக்கும் அதான் சேரும். அம்மன் மாதிரியில்லா இருக்கா, திங்குதிங்குன்னு!"

தத்துப் பத்திரங்கள் முடியும்போது பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று அலுவலகத்திலும் சொல்லியிருந்தார்கள். என் கணவர் வழக்கம்போல, "உங்க ரெண்டு பேருக்கும் எது சரின்னு படுதோ," என்று நழுவினார். உண்மையைச் சொன்னால், எனக்கும் மைனியின் பேச்சு நியாயமாகத்தான் பட்டது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், என் மனத்தில் இருந்த அந்த ஒல்லிப் பெண்தான் முதலில் திரும்பிப் பார்த்தாள். இவள் வந்து நிற்கும்போது ஒரு சின்னத் தடுமாற்றம். சரி, வீட்டில் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று புதுப் பெயரை ஆரம்பித்தோம்.

அவள் திரும்பவே இல்லை. காது கேட்காததுபோல் இருந்தாள். மைனி விடாமல், சாப்பிடும்போது, குளிப்பாட்டும்போது, பூ வைக்கும்போது என்று அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் பிள்ளையை ஹாலில் காணோம். படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. தவழ்ந்து உள்ளே போயிருந்தாள்.

"அங்க என்ன தேடுத?" என்று கேட்டேன்.

வெளியே வந்து உட்கார்ந்தாள். தலையெல்லாம் ஒட்டடை. "ஆ குட்டி எவிடெ?" என்றாள்.

"எந்தக் குட்டி?"

மைனி சொன்ன பெயரைச் சொன்னாள். அந்தப் பிள்ளை எங்கே ஒளிந்திருக்கிறது, எப்போது வரும், வந்தால் எங்கே படுக்கும் என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய பொம்மை, புதுச் செருப்பு, நாங்கள் வாங்கிக் கொடுத்த சின்ன நாற்காலி எல்லாவற்றையும் அறையின் ஒரு மூலையில் சேர்த்துப் போர்வையால் மூடி வைத்திருந்தாள். வரப்போகிற அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளாமல் இருக்க.

நான் தரையில் உட்கார்ந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். "வேற குட்டி கிடையாது. யாரும் வரமாட்டாங்க. நீ மட்டும்தான்," என்றேன். அவளுடைய பெயரைச் சொல்லி, மறுபடியும் சொன்னேன். பெயரைக் கேட்டதும் அவள் உடம்பு தளர்ந்து என்மேல் சாய்ந்தது எனக்குத் தெரிந்தது.

மைனி கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிச் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து, பிள்ளையின் பழைய பெயரைச் சத்தமாகச் சொல்லி, "மக்கா, தோசை ஆறுது, வா!" என்று கூப்பிட்டாள். பிள்ளை எழுந்து ஓடினாள். பெயரை மாற்றுகிற பேச்சு அத்துடன் முடிந்தது.

மைனிக்கு அடுத்த கவலை என்மேல் வந்தது. "அது உன்னக் கண்ணாடி, கண்ணாடின்னு கூப்பிடுகு. கேக்க நல்லாவா இருக்கு? ஒரு சேலையச் சுத்தி, பெரிய பொட்டா வெச்சு அது முன்னால போயி நில்லு. தானா அம்மான்னு வரும்."

எனக்கும் அந்த ஆசை உள்ளுக்குள் இருந்தது என்பதால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். கல்யாணப் பட்டை எடுத்து உடுத்தினேன். மைனி தன்னுடைய சவுரியை என் முடியில் கோத்துப் பின்னி, பிச்சிப்பூ வைத்துவிட்டாள். நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தட்டுத்தடுமாறி ஹாலுக்கு வந்தேன். பிள்ளை படம் வரைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து, கிட்டே வந்து, வழக்கம்போல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கண்ணடே," என்றாள், "இன்னு கல்யாணத்தினு போகுந்நோ? ஞானும் வரட்டே?"

கல்யாணத்துக்குத் தானும் வரட்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நல்ல கவுனைத் தேட ஓடிவிட்டாள். மைனி தலையில் அடித்துக்கொண்டாள். என் கணவருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. பிள்ளையை ஏமாற்ற வேண்டாமென்று எல்லோரும் உடுத்திக்கொண்டு பழவங்காடி கணபதி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு, ஓட்டலில் மசால்தோசை சாப்பிட்டு வந்தோம். சவுரி வழியிலேயே கழன்று, என் கைப்பைக்குள் பூவோடு சுருண்டு கிடந்தது.

அதற்குப் பிறகு நான் கண்ணடயாகவே நிம்மதியாக இருந்தேன். வீட்டுச் சாமான் ஒன்றின் பெயராக இருந்தால் என்ன, அவள் எனக்கென்று யோசித்து வைத்த பெயர் அது. காலையில் கண்ணடே என்று எழுப்புவாள். பள்ளிக்கூட வாசலில் கண்ணடே என்று கத்திக்கொண்டு ஓடிவருவாள். மற்ற அம்மாமார் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கையை ஆட்டுவேன்.

அந்தக் கண் சுருக்கலை நான் முதலில் அவளுடைய குணம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். எதையும் ஆராய்ந்து பார்க்கிறவள் என்று பெருமைகூட. பள்ளியில் சேர்த்துக் கொஞ்ச நாளில், அவள் டிவிக்கு முன்னால் மூக்கு இடிக்கிற தூரத்தில் நிற்பதைப் பார்த்தபோது, எனக்குள் இருந்த கடைக்காரி விழித்துக்கொண்டாள். தெருமுனையில் வந்த பஸ்ஸைக் காட்டி, "அது என்ன நிறம்?" என்று கேட்டேன். "பஸ்ஸோ? எவிடெ?" என்றாள்.

கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். சொட்டு மருந்து விட்டு, எழுத்துக்குப் பதில் படங்களைக் காட்டிச் சோதித்தார். இரண்டு கண்ணிலும் நல்ல பவர் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, இந்த வயதில் கண்ணாடி போட்டுவிட்டால் பார்வை நன்றாக வளரும் என்றார். எனக்கு நிம்மதியும் ஏதோ ஒரு புரிதலும் சேர்ந்து வந்தன. எவ்வளவு கிட்டே வந்து பார்த்தாலும் அவளுக்கு எல்லாம் பாதி மங்கல்தான். அந்த மங்கலில் என் முகத்தில் தெளிவாகத் தெரியக்கூடியது ஒன்றே ஒன்று. இரண்டு கறுப்பு வட்டம். அவள் பார்த்ததைத்தான் எனக்குப் பெயராக வைத்திருக்கிறாள்.

அவளுக்கான கண்ணாடியை நானே செய்தேன். லென்ஸ் வெட்டுகிறவர் வேறு ஆள். அளவெடுத்ததும், பிரேம் தேர்ந்தெடுத்ததும், பொருத்தியதும் நான். அவளுக்கு மூக்குத் தண்டு தட்டை. சாதாரணப் பிரேம் வழுக்கி இறங்கும். வேர்வை வேறு. ரப்பர் மூக்குப்பிடியும், தலைக்குப் பின்னால் கட்டுகிற பட்டையும் உள்ள பிரேமாக எடுத்தேன். நிறத்தை அவளையே கேட்டேன். இருப்பதிலேயே பளீரென்ற ஆரஞ்சு நிறத்தைக் கைகாட்டினாள்.

தயாரான அன்றும் வழக்கம்போல் பள்ளி விட்டதும் கடைக்குக் கூட்டிவந்து உயரமான ஸ்டூலில் உட்காரவைத்து மாட்டிவிட்டேன். அவள் அசையாமல் இருந்தாள். இவ்வளவு நேரம் அவள் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் கடைக்கு எதிரே ஒரு நேந்திரங்காய் வறுவல் கடை. அங்கே வாணலிக்கு முன்னால் நிற்கிறவர் தினமும் இவளைப் பார்த்துச் சிரித்துக் கையசைப்பார்; இவள் கண்டுகொள்ளவே மாட்டாள். திமிர் பிடித்த பிள்ளை என்று நினைத்திருப்பார் பாவம். அன்றும் சிரித்தார்.

"ஆ மாமன் சிரிக்குந்நு!" என்று கத்தினாள். "கண்ணடே, ஆ மாமன் என்னை நோக்கிச் சிரிக்குந்நு!"

இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அவரும் கரண்டியைத் தூக்கி ஆட்டினார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். கிட்டே வரவில்லை, இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள். "உனக்கு இவிடெ ஒரு மறு உண்டு," என்று தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள். என் தாடையில் மச்சம் இருப்பது எனக்கே மறந்துபோயிருந்தது. "பல்லு கொஞ்சம் கோணல்," என்றாள். இப்போதெல்லாம் தமிழும் கலந்து பேச ஆரம்பித்திருந்தாள். நான் சிரித்தேன். நான் சிரிப்பதையும் கவனமாகப் பார்த்தாள்.

முகம் பார்க்கும் கண்ணாடியை அவள் முன்னால் நகர்த்தி வைத்தேன். ஆரஞ்சு வட்டங்களுக்குள்ளிருந்து தன்னையே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் தன்னைப் பார்த்தாள். முகத்தில் பெரிய யோசனை.

"இப்போ நானும் கண்ணடயா," என்றாள்.

"ஆமா. நீயும்தான்."

"ஒரு வீட்டுல ரெண்டு கண்ணட பற்றில்லா." முடியாது, சரிப்படாது என்று தலையை ஆட்டினாள். "விளிச்சா ஆரு வரும்? நீயா, நானா?"

"அதுவும் சரிதான். என்ன செய்யலாம்?"

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். இதை ஒரு பெரிய பிரச்சினையாக அவள் நினைக்கவில்லை. "நீ அம்மா ஆயிக்கோ," என்றாள். "அது ஒழிவாத்தானே இருக்கு."

ஒழிவு என்றால் காலி. அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது, நீ எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, வறுவல் கடை மாமனைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவேண்டும் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். அவர் ஒரு காகிதத்தில் சூடாக வறுவல் போட்டுக் கொடுத்தார். "அம்மைக்குக் கொடு," என்று அவர் சொல்ல, அவள் எந்தத் தயக்கமும் இல்லாமல் திரும்பி, "இந்நா அம்மா," என்று நீட்டினாள். நான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள், "அம்மேடெ அதே சாயல்," என்கிறார்கள். எங்கே சாயலைக் கண்டார்களோ, இருவருக்கும் கண்ணாடி இருப்பதைத்தான் சொல்கிறார்களோ, நான் மறுப்பதில்லை. மைனியே போன தடவை வந்தபோது, "நடக்கும்போது அப்படியே உன்னய மாதிரி," என்றாள். நான் அப்படி யானை மாதிரி நடப்பேன் என்று இதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை.

போன வாரம் பள்ளியிலிருந்து வந்தவள் பையை வீசிவிட்டு நேராக அடுக்களைக்கு வந்தாள். அவள் வகுப்பில் ஒரு புதுப்பெண் சேர்ந்திருக்கிறாளாம். அந்தப் பெண்ணுக்கும் இவளுடைய பெயரேதானாம்.

"நல்லதுதானே," என்றேன். "எப்படி இருக்கா?"

"ஒல்லியா, வெளுப்பா இருக்கா. பேசினா கேக்கவே கேக்காது. டீச்சர் பேரு கேட்டப்போகூட ரெண்டு தடவ சொல்லவேண்டி வந்துச்சு." சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து, நெற்றியைக் கையால் வழித்துவிட்டு, மின்விசிறி இல்லாத அடுக்களையை ஒருமுறை வெறுப்போடு பார்த்தாள். "அம்மா, அவளுக்கு ஆரு இந்தப் பேரு வெச்சது? அவளுக்குச் சேரவே இல்ல."

நான் சுக்குக்காப்பியை இறக்கி வைத்தேன். "ஏன் சேரல?"

"இந்தப் பேருக்குக் கொஞ்சம் துடிப்பா இருக்கணும்மா," என்றாள், என்னவோ எனக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்லித்தருவதுபோல. பிறகு பலகாரம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். இலையப்பம் இருக்கிறது என்றேன். மேடையிலிருந்து தொம்மென்று குதித்துத் தட்டு எடுக்கப் போனாள்.